மாட்டுப் பைத்திய நோயின் அறிகுறிகளை இனங்கண்ட வரலாறு

மாட்டுப் பைத்திய நோய் என்று செய்தித்தாள்கள் பெயரிட்ட பி.எஸ்.இ. நோய், மாட்டின் மூளையை மெல்ல மெல்லச் சிதைத்துக் கொல்லும் நோயாகும். இந்நோயால் இறந்த மாட்டின் மூளைத்தண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் நரம்பணுக்கள் பஞ்சைப்போல் துளை துளையாகத் தெரியும். 1984-ஆம் ஆண்டின் இறுதியில் தென் இங்கிலாந்தில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட இந்நோய், ஐக்கிய இராச்சியத்தில் மட்டும் 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகளில் உறுதிசெய்யப்பட்டது. உயிரோடிருக்கும் மாட்டில் இதை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை அப்போது இல்லை. இன்றும் நடைமுறைக்கு வரவில்லை. நோய்க்காரணியை எதிர்த்து மாட்டின் உடல் எதிர்ப்புப் பொருள் எதையும் உண்டாக்குவதில்லை, காய்ச்சலும் வருவதில்லை. எனவே கறவைக்காரரின் கண்ணும் கால்நடை மருத்துவரின் கண்ணுமே நெடுங்காலம் இந்நோயைப் பிடிக்கும் ஒரே வலையாக இருந்தன. அந்த வலையில் அகப்பட்டவை எவை, நழுவியவை எவை என்பதே இந்நோயின் வரலாற்றில் பெரும்பகுதி.

ஆடுகளில் கண்ட முன்னோடி

ஐரோப்பிய ஆட்டு மந்தைகளில் ஸ்க்ரேப்பி என்னும் நோய் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே அறியப்பட்டிருந்தது. நோயுற்ற செம்மறியாடு வேலியிலும் மரத்திலும் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கம்பளியை உதிர்த்துவிடும். சுரண்டுதல் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது. பிரான்சில் அதே நோயை நடுக்கத்தைக் கொண்டு பெயரிட்டார்கள். ஒரே நோய்க்கு ஓரிடத்தில் அரிப்பும் இன்னோரிடத்தில் நடுக்கமும் அடையாளமாயின. அறிகுறியை வைத்து நோய்க்குப் பெயரிடுவதில் உள்ள இந்தச் சிக்கல் பிற்காலத்தில் மாடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஸ்க்ரேப்பி ஓர் ஆட்டிலிருந்து இன்னோர் ஆட்டுக்குத் தொற்றக்கூடியது என்பதை 1936-இல் துலூஸ் கால்நடை மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த குயே, ஷெல் இருவரும் காட்டினர். நோயைச் செலுத்திய பிறகு ஓராண்டுக்கும் மேல் காத்திருந்த பின்னரே அறிகுறிகள் தோன்றின. 1959-இல் அமெரிக்கக் கால்நடை நோய்க்கூற்றியலாளர் வில்லியம் ஹாட்லோ, பப்புவா நியூகினியின் ஃபோரே மக்களைப் பீடித்த குரு நோயின் மூளைப் படங்களை இலண்டனில் ஒரு கண்காட்சியில் பார்த்தார். ஸ்க்ரேப்பி ஆட்டின் மூளையும் அவ்வாறே இருப்பதைக் குறிப்பிட்டு லான்செட் இதழுக்கு எழுதினார். கிருமி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல், வடிவம் திரிந்த ஒரு புரதமே இத்தகைய நோய்களைப் பரப்புகிறது என்ற கருத்தை ஸ்டான்லி புரூசினர் 1982-இல் முன்வைத்து, அதற்குப் பிரியான் என்று பெயரிட்டார். ஆக, ஆட்டின் மூளை பஞ்சாவது அறியப்பட்டிருந்தது. மனிதன் மூளை பஞ்சாவதும் அறியப்பட்டிருந்தது. மாட்டின் மூளையை மட்டும் அந்தக் கண்ணோடு யாரும் பார்க்கவில்லை. தென் பிரான்சில் ஓர் எருதுக்கு ஆட்டு நடுக்க நோய் வந்ததாக 1883-இல் ஒரு கால்நடை மருத்துவர் எழுதிய சிறு குறிப்பு நூறாண்டுக் காலம் தூசு படிந்து கிடந்தது. அவர் கண்டது என்னவென்று இன்று சோதித்தறிய வழியில்லை.

133-ஆம் எண் பசு

1984 டிசம்பர் 22 அன்று மேற்கு சசெக்ஸ் மாவட்டத்தில் மிட்ஹர்ஸ்ட் ஊருக்கு அருகிலுள்ள பிட்ஷம் பண்ணைக்குக் கால்நடை மருத்துவர் டேவிட் பீ அழைக்கப்பட்டார். 133 என்ற எண்ணிட்ட பசு முதுகை வளைத்துக்கொண்டு நின்றது, உடல் மெலிந்திருந்தது. இவ்விரண்டும் எத்தனையோ நோய்களுக்குப் பொதுவானவை. வாரங்கள் செல்லச் செல்ல அதன் தலை நடுங்கத் தொடங்கியது. கால்கள் ஒன்றோடொன்று இசையாமல் தடுமாறின. 1985 பிப்ரவரி 11 அன்று அது இறந்தது. அடுத்த சில மாதங்களில் அதே மந்தையில் மேலும் பல பசுக்கள் இதேபோல் நலிந்து மடிந்தன. பெயர் தெரியாத இந்நோயைப் பிட்ஷம் பண்ணை நோய்க்குறி என்றே மருத்துவர் குறிப்பிட வேண்டியிருந்தது.

காரணம் தேடியவர்களின் கவனம் நஞ்சின் பக்கம் திரும்பியது. ஒரே பண்ணையில் அடுத்தடுத்துப் பல மாடுகள் விழுந்தால் தீவனத்தில் பூஞ்சை நஞ்சோ உலோக நஞ்சோ கலந்திருக்கலாம் என எண்ணுவது எந்த மருத்துவருக்கும் இயல்பானதே. 1985 செப்டம்பரில் 142-ஆம் எண் பசுவின் மூளை வேபிரிட்ஜ் நகரிலிருந்த மத்தியக் கால்நடை ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டது. அங்கிருந்த நோய்க்கூற்றியலாளர் கரோல் ரிச்சர்ட்சன் அம்மூளை பஞ்சு போலாகியிருப்பதைக் கண்டு அறிக்கையில் எழுதியும் வைத்தார். ஆனால் அது ஒரு நஞ்சின் விளைவாகவே கொள்ளப்பட்டது. பண்ணையிலும் புதிய மாடுகள் நோயுறாததால் விசாரணை அத்துடன் ஓய்ந்தது. இந்நோயின் வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க இடம் இது எனலாம். சரியான விடை தாளில் எழுதப்பட்டிருந்தும், அதைத் தனி ஒரு பண்ணையின் விபத்தாகப் படித்ததால் ஓராண்டுக்கும் மேல் கழிந்தது.

கென்ட் மாவட்டத்தில் ஆஷ்ஃபோர்டு அருகிலிருந்த இன்னொரு பண்ணையில் 1985 ஏப்ரலில் கோலின் விட்டேக்கர் என்னும் கால்நடை மருத்துவர் கண்டது சற்று வேறானது. அதுவரை சாதுவாக இருந்த பசு திடீரென அருகில் வருபவரை முட்டவும் உதைக்கவும் தொடங்கியிருந்தது, எதையோ கண்டு மிரண்டதுபோல் நின்றது, நடை தடுமாறியது. வசந்த காலத்தில் புதுப்புல் மேயும் கறவை மாட்டில் இப்படிக் கண்டால் இரத்தத்தில் மெக்னீசியம் குறைந்துவிட்டதென்றே எவரும் முதலில் நினைப்பர். அதற்கான சிகிச்சை பலிக்கவில்லை. 1986-இன் இறுதிக்குள் அதே மந்தையில் இதேபோன்ற பசுக்கள் வரிசையாக வந்தபோது, இது மெக்னீசியக் குறைவு அன்று என்பது உறுதியாயிற்று. பிட்ஷமில் மெலிவும் நடுக்கமும் முன்னே வந்தன. கென்டில் மூர்க்கம் முன்னே வந்தது. இரண்டும் ஒரே நோய் என்று வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து ஒருவர் சொல்லியிருக்க முடியாது.

வேபிரிட்ஜ் ஆய்வகமும் அடக்கி வைத்த செய்தியும்

1986 நவம்பரில் வேபிரிட்ஜ் ஆய்வகத்துக்கு வந்த மூளைகளை ஜெரால்ட் வெல்ஸ் முதலிய நோய்க்கூற்றியலாளர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது இது புதிய நோய் என்பது புலப்பட்டது. அதே ஆண்டு மார்வெல் விலங்குக்காட்சிச் சாலையில் இறந்த நியாலா என்னும் ஆப்பிரிக்க மறிமானின் மூளையிலும் மார்ட்டின் ஜெஃப்ரி இத்தகைய துளைகளைக் கண்டிருந்தார். டிசம்பர் 19 அன்று நோய்க்கூற்றியல் துறைத் தலைவர் ரே பிராட்லி தம் மேலதிகாரிக்கு அனுப்பிய குறிப்பில், இது மாட்டு ஸ்க்ரேப்பியாக இருக்குமானால் ஏற்றுமதி வணிகத்துக்குப் பெருங்கேடு விளையும் என்றும், மனிதர்களுக்கும் அதன் விளைவுகள் இருக்கக்கூடும் என்றும் எச்சரித்தார்.

அதன்பின் நடந்ததுதான் பிற்காலத்தில் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. 1987-இன் முற்பாதி முழுவதும் இந்நோய் பற்றிய செய்தி ஆய்வகத்துக்கு வெளியே பரவாமல் கட்டுப்படுத்தப்பட்டது. ஊர் ஊராகப் பண்ணைகளுக்குச் செல்லும் தனியார் கால்நடை மருத்துவர்களிடம் எதைத் தேட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தேடச் சொல்லாத நோயை யாரும் கண்டுபிடித்து அறிவிக்கப் போவதில்லை. அறிகுறியை மட்டுமே நம்பியிருக்கும் நோய்க் கண்காணிப்பில் இது கண்ணைக் கட்டிவிட்டு வழி கேட்பதற்கு ஒப்பாகும். 1987 அக்டோபர் 31 அன்றுதான் வெல்ஸும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய முதல் அறிவியல் விவரணை வெட்டினரி ரெக்கார்டு இதழில் வெளிவந்தது. அதன்பின் நாடெங்கிலுமிருந்து மருத்துவர்கள் தாங்களும் இத்தகைய மாடுகளைப் பார்த்ததாகத் தெரிவிக்கத் தொடங்கினர்.

நோய்ப்பரவலை ஆராய நியமிக்கப்பட்ட ஜான் வைல்ஸ்மித் பாதிக்கப்பட்ட பண்ணைகளின் பதிவேடுகளை ஒவ்வொன்றாகத் துருவினார். அவற்றுக்கிடையே பொதுவான மருந்தோ தடுப்பூசியோ பூச்சிக்கொல்லியோ இல்லை. மாடுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிய தடமும் இல்லை. எங்கும் பொதுவாக இருந்தது அடர்தீவனத்தில் கலந்த இறைச்சி எலும்புத் தூள். 1987 டிசம்பரில் அவர் அதையே காரணமாகச் சுட்டினார். கறிக்காக வளர்க்கும் மாடுகளைவிடக் கறவை மாடுகளில் நோய் மிகுதியாக இருந்ததும் இதனால் விளங்கியது. கறவைக் கன்றுகளுக்கே சிறு வயதில் அடர்தீவனம் அதிகம் கொடுக்கப்பட்டது.

மாடு காட்டும் அறிகுறிகள்

நோய் தொற்றுவது பெரும்பாலும் கன்றுப் பருவத்தில். அறிகுறி தோன்றுவதற்குச் சராசரியாக நான்கைந்து ஆண்டுகள் ஆகும். எனவே நோயுற்று நிற்பது பெரும்பாலும் இரண்டு மூன்று ஈற்றுக் கண்ட, நன்றாகப் பால் தரும் பசுவாகவே இருந்தது. பண்ணையாளருக்கு அது தினமும் இரண்டு வேளை அருகிலிருந்து பழகிய மாடு. அதனால்தான் முதல் மாற்றத்தை மருத்துவருக்கு முன்பே கறவைக்காரர் உணர்ந்தார். அந்த மாற்றத்தைச் சொல்வதுதான் அவர்களுக்குக் கடினமாக இருந்தது. "மாடு முன்னே மாதிரி இல்லை" என்பதற்கு மேல் மருத்துவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

நாளும் கறவைக் கூடத்தின் வாசலைத் தயங்காமல் கடந்த பசு, ஒருநாள் வாசற்படியில் நின்றுவிடும். குறுகலான வழியிலோ வடிகால் குறுக்கிடும் இடத்திலோ மற்ற மாடுகள் தாண்டிச் செல்ல, இது மட்டும் தலையைத் தாழ்த்தித் தரையை வெறித்து நிற்கும். மந்தையில் முதலில் வந்துகொண்டிருந்தது கடைசியில் வரத் தொடங்கும். காம்பில் கறவை இயந்திரத்தைப் பொருத்தும்போது உதைக்கும். அதுவும் ஒருமுறை உதைத்து ஓயாமல் மீண்டும் மீண்டும் உதைக்கும். மூக்கை நாவால் ஓயாமல் நக்கும். பற்களை நறநறவெனக் கடிக்கும். தீனி தின்னும், ஆனாலும் உடம்பு இளைக்கும், பால் குறையும்.

உணர்ச்சி மிகைப்படுவது இந்நோயின் தனித்தன்மை. வாளி உருளும் ஓசை, கதவின் கிரீச்சொலி, திடீரென விழும் வெளிச்சம், கழுத்தில் படும் விரல் ஆகியவை நலமான மாட்டை ஒருமுறை திடுக்கிட வைக்கலாம். இரண்டாம் மூன்றாம் முறை அது பழகிவிடும். நோயுற்ற மாடு ஒவ்வொரு முறையும் முதல் முறைபோலவே துள்ளும். சில மாடுகள் விழுந்தும்விடும். சூரிச் பல்கலைக்கழகத்தின் உவெலி பிரவுனும் உடன் பணியாற்றியோரும் இதையே முறையான சோதனைகளாக்கினர். தலையையும் கழுத்தையும் தொட்டுப் பார்ப்பது, உலோகத்தைத் தட்டி ஓசை எழுப்புவது, ஒளிப்படக் கருவியின் மின்னொளியைக் கண்முன் பளிச்சிடச் செய்வது ஆகியவை அவற்றுள் அடங்கும். செலவில்லாத இச்சோதனைகளைத் தொழுவத்தில் யாரும் செய்துவிடலாம்.

நடையில் காணும் மாற்றம் பின்னங்கால்களில் தொடங்கும். திரும்பும்போது இடுப்பு ஒரு பக்கம் சாயும். சில மாடுகள் காலைத் தேவைக்கு மேல் உயர்த்தி வைக்கும். வழுக்கும் சிமென்ட் தரையில் விழுந்தால் எழ முடியாமல் தத்தளிக்கும். இறுதிக் கட்டத்தில் எழவே முடியாது. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டு உலகின் மனத்தில் பதிந்த தள்ளாடும் பசு இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் காட்சி ஒரு வகையில் தீங்கும் செய்தது. தள்ளாடாத மாட்டுக்கு நோயில்லை என்ற எண்ணத்தை அது வளர்த்தது. பைத்தியம் என்ற பெயரும் அப்படித்தான். மூர்க்கமாகப் பாய்ந்த மாடுகள் சில உண்டு. பெரும்பாலானவை பாயவில்லை, பயந்தன. மனிதரைக் கண்டு பழகிய மாடு அதே மனிதரைக் கண்டு மிரண்டு ஒதுங்குவதை எந்தத் தலைப்புச் செய்தியும் காட்டவில்லை.

பிற்கால ஆய்வுகள் வேறு இரண்டு அடையாளங்களையும் சேர்த்தன. நோயுற்ற மாடு அசைபோடும் நேரம் குறைகிறது. இதயத் துடிப்பும், மாடு பதற்றமாக இருந்தபோதிலும், எதிர்பார்ப்பதைவிட மெதுவாக இருக்கக் காணப்பட்டது. மூளைத்தண்டிலிருந்து வயிற்றுக்கும் இதயத்துக்கும் செல்லும் நரம்பின் மையங்களை நோய் தாக்குவதோடு இது பொருந்துகிறது. வேபிரிட்ஜ் ஆய்வகத்தார் முகுளத்தின் ஒரு குறிப்பிட்ட வெட்டுத்துண்டை மட்டும் பார்த்தே நோயை உறுதிசெய்ய முடிந்ததற்கும், துளைகள் அங்கேயே தவறாமல் தோன்றியதுதான் காரணம்.

ஒத்த தோற்றமுடைய நோய்கள்

மருத்துவருக்கு இருந்த உண்மையான இடர்ப்பாடு, இவற்றுள் எந்த ஒரு அறிகுறியும் இந்நோய்க்கு மட்டுமே உரியதன்று என்பது. மெக்னீசியக் குறைவில் மாடு நடுங்கும், மிரளும், விழும். ஆனால் அது மணிக்கணக்கில் முற்றும், ஊசிக்குக் கட்டுப்படும். கன்று ஈன்றவுடன் வரும் பால் காய்ச்சலில் கால்சியம் செலுத்தினால் படுத்த மாடு எழுந்துவிடும். கீட்டோன் மிகும் நோயின் நரம்பு வகையில் மாடு கண்டதை நக்கும், கத்தும். சிறுநீரையோ பாலையோ சோதித்தால் தெரிந்துவிடும். பழுதான ஊறுபுல் மூலம் வரும் லிஸ்டீரியா நோயில் மாடு ஒரே பக்கமாகச் சுற்றும், முகத்தின் ஒரு பாதி தொங்கும், காய்ச்சலும் இருக்கலாம். ஈய நஞ்சில் கண் தெரியாது.

இவற்றைப் பிரித்தறிய மருத்துவருக்கு உதவிய பெரிய கருவி காலமே. இந்நோய் வாரக்கணக்கில், சிலவற்றில் மாதக்கணக்கில் படிப்படியாக முற்றியது. எந்த மருந்துக்கும் இடைக்காலத் தேறுதல்கூடக் காட்டவில்லை. எனவே ஐயம் எழுந்தால் கால்சியமும் மெக்னீசியமும் செலுத்திப் பார்ப்பது, சில நாள் கழித்து மீண்டும் வந்து பார்ப்பது என்ற வழக்கம் உருவானது. காத்திருத்தலே நோயறியும் முறையாக இருந்ததால் அந்த நாட்கள் பண்ணையாளருக்குக் கொடியவையாக இருந்தன. இத்தனைக்குப் பிறகும், ஐயத்தின்பேரில் கொல்லப்பட்ட மாடுகளில் ஒரு பகுதிக்கு இந்நோய் இல்லை என்பது மூளைப் பரிசோதனையில் தெரிந்தது. அவற்றுள் லிஸ்டீரியாவால் தாக்கப்பட்டவை இருந்தன. மூளையில் எந்தக் கோளாறும் காணப்படாதவையும் இருந்தன.

இந்தியா போன்ற நாடுகளில் இப்பட்டியலின் தலைப்பில் வேறொரு நோய் நிற்கிறது. மிரட்சி, மூர்க்கம், பின்னங்கால் தளர்ச்சி ஆகியவற்றைக் கண்டால் வெறிநாய் கடித்ததால் வரும் வெறிநோயையே இங்குள்ள மருத்துவர் முதலில் ஐயுற வேண்டும். பிரித்தானியாவில் கால்நடைகளிடையே வெறிநோய் இல்லாததால் அந்தக் குழப்பம் அவர்களுக்கு நேரவில்லை. இந்தியாவில் இதுவரை பி.எஸ்.இ. நோய் பதிவாகவில்லை.

சட்டமும் இழப்பீடும்

1988 ஜூன் 21 முதல் இந்நோயைக் கண்டால் அரசுக்கு அறிவிப்பது கட்டாயமாக்கப்பட்டது. ஜூலை 18 முதல் அசைபோடும் விலங்குகளின் எச்சத்தை அவ்விலங்குகளுக்கே தீவனமாகத் தருவது தடைசெய்யப்பட்டது. சர் ரிச்சர்ட் சவுத்வுட் தலைமையிலான குழுவின் அறிவுரைப்படி ஆகஸ்ட் 8 முதல் நோய் ஐயமுள்ள மாடுகளைக் கொன்று அழிக்கும் ஆணை நடைமுறைக்கு வந்தது. டிசம்பரில் அத்தகைய மாடுகளின் பாலை விற்பதும் தடைசெய்யப்பட்டது.

கொல்லும் ஆணையில் ஒரு விந்தை இருந்தது. நோய் உறுதியானால் மாட்டின் சந்தை விலையில் பாதிதான் இழப்பீடு. மூளையைச் சோதித்து நோயில்லை எனத் தெரிந்தால் முழு விலை. நோய் முற்றிய மாட்டுக்குச் சந்தையில் விலையில்லை என்ற கணக்கில் அது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் அறிகுறியை முதலில் பார்ப்பவரும் பண்ணையாளர், அறிவித்தால் இழப்பவரும் பண்ணையாளர். வாசலில் தயங்கி நின்ற பசுவை அறிவிப்பதா, மறுநாளே சந்தைக்கு ஓட்டிவிடுவதா என்ற கேள்வியை அரசே அவர் முன் வைத்தது. இக்குறையைப் பலர் சுட்டிக்காட்டிய பின், 1990 பிப்ரவரியில் முழு இழப்பீடு அளிக்கப்பட்டது.

அறிவிப்பு வந்ததும் அரசுக் கால்நடை மருத்துவர் பண்ணைக்கு வந்து மாட்டைப் பார்ப்பார். ஐயம் உறுதியானால் மாட்டை அங்கிருந்து நகர்த்தத் தடை விதிப்பார். மூளை சேதமாகக் கூடாதென்பதால் தலையில் சுடாமல் ஊசிமூலம் கொல்வதே விரும்பப்பட்டது. எடுக்கப்பட்ட மூளை ஃபார்மலினில் ஊறிப் பதப்பட்டு, வெட்டப்பட்டு, சாயமேற்றப்பட்டு, முடிவு வர வாரங்கள் ஆயின. 1988-இல் ஐக்கிய இராச்சியத்தில் 2,514 மாடுகளில் நோய் உறுதியானது. 1992-இல் அது 37,280 ஆக உயர்ந்தது. தீவனத் தடை வந்து நான்காண்டுகள் கழித்தும் எண்ணிக்கை ஏறியதற்குக் காரணம், நோய் அடைகாக்கும் காலமே. தடைக்கு முன் தின்ற கன்றுகள் அப்போதுதான் நோயைக் காட்டத் தொடங்கின. தடைக்குப் பின் பிறந்த மாடுகளிலும் ஆயிரக்கணக்கில் நோய் கண்டது. பன்றிக்கும் கோழிக்கும் அரைத்த தீவனம் ஆலைகளில் மாட்டுத் தீவனத்தோடு கலந்ததே அதற்குக் காரணம்.

அறிகுறி காட்டாத மாடுகள்

வேபிரிட்ஜ் ஆய்வகம் 1990-களில் தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வில் நான்கு மாதக் கன்றுகளுக்கு நோயுற்ற மாட்டு மூளை 100 கிராம் வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒவ்வொன்றாகக் கொன்று சோதித்தனர். 35-ஆம் மாதம் முதலே அறிகுறிகள் தோன்றின. ஆனால் 32-ஆம் மாதத்திலேயே, வெளியே நலமாகத் தெரிந்த மாட்டின் மூளையும் தண்டுவடமும் நோயைப் பரப்பும் நிலையில் இருந்தன. எவ்வளவு தேர்ந்த கண்ணுக்கும் அந்த மாடுகள் நோயற்றவையாகவே தெரிந்திருக்கும்.

இதன் பொருள் 1996-இல் எண்ணாக வெளிப்பட்டது. ராய் ஆண்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் வெளியிட்ட கணக்கீட்டின்படி, அதுவரை பிரித்தானியாவில் ஏறத்தாழ 9 லட்சம் மாடுகள் தொற்றுக்கு உள்ளாகியிருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை அறிகுறி காட்டும் வயதை எட்டும் முன்பே இறைச்சிக்காக வெட்டப்பட்டுவிட்டன. அறிகுறி காட்டும் மாடுகளை மட்டும் அகற்றினால் போதும் என்ற நிலை அத்துடன் முற்றாகத் தகர்ந்தது. 1989 நவம்பரில் மூளை, தண்டுவடம் போன்ற உறுப்புகளை மனித உணவிலிருந்து விலக்கிய ஆணையே உண்மையில் பெரிய பாதுகாப்பாக அமைந்தது. நோய் மனிதருக்கு வருவது பெரிதும் ஐயத்துக்குரியது என்று சவுத்வுட் குழு அதே ஆண்டு பிப்ரவரியில் கூறியிருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், அரசு தன் குழுவின் சொல்லைவிடச் சற்று எச்சரிக்கையாகச் செயல்பட்ட இடம் அது என்று சொல்லலாம். அந்த ஆணை இறைச்சிக் கூடங்களில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டதா என்பது வேறு கதை.

1995 மே மாதத்தில் 19 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். 1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல், இளம் வயதினரிடையே கண்ட பத்துப் பேரின் புதிய வகை மூளை நோய் மாட்டு நோயோடு தொடர்புடையதாக இருக்கக்கூடும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மனிதரிடமும் அறிகுறிகள் ஏமாற்றின. மனச்சோர்வு, பதற்றம், ஒதுங்கியிருத்தல் ஆகியவையே முதலில் தோன்றியதால் நோயாளிகள் மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர். நடை தடுமாறியது மாதங்கள் கழித்துத்தான். ஐக்கிய இராச்சியத்தில் 178 பேர் இந்நோயால் இறந்தனர். பிலிப்ஸ் பிரபு தலைமையில் 1998-இல் தொடங்கிய விசாரணை, 2000 அக்டோபரில் 16 தொகுதிகளாக அறிக்கை அளித்தது. பிட்ஷம் பண்ணைப் பசுக்களின் கதை இவ்வளவு விரிவாகத் தெரியவந்தது அதன் வழியாகத்தான்.

கண்ணுக்கு மாற்றாக வந்த சோதனை

சுவிட்சர்லாந்தில் முதல் நோயுற்ற மாடு 1990 நவம்பரில் கண்டறியப்பட்டது. அந்நாடு 1999-இல் புதிய வழியில் இறங்கியது. அறிவிப்புக்குக் காத்திராமல், பண்ணையில் இறந்த மாடுகளையும் அவசரமாக வெட்டப்பட்ட மாடுகளையும் விரைவுச் சோதனைக்கு உட்படுத்தியது. யாரும் ஐயுறாத பல மாடுகளில் நோய் வெளிப்பட்டது. கால்நடை மருத்துவத் தரத்தில் பெயர்பெற்ற அந்நாட்டிலேயே அறிகுறி வழிக் கண்காணிப்பு இவ்வளவு தவறவிட்டது மற்ற நாடுகளை உலுக்கியது. நோயில்லாத நாடாகத் தன்னைக் கருதிக்கொண்டிருந்த ஜெர்மனியில், 2000 நவம்பரில் தானாக முன்வந்து செய்த விரைவுச் சோதனை ஒன்றில் உள்நாட்டில் பிறந்த மாட்டில் முதன்முதலாக நோய் கண்டது. 2001 ஜனவரி முதல் 30 மாதத்துக்கு மேற்பட்ட, உணவுக்காக வெட்டப்படும் எல்லா மாடுகளையும் சோதிக்க வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது.

அச்சோதனைகள் இன்னொன்றையும் வெளிக்கொணர்ந்தன. 2004-இல் இத்தாலியிலும் பிரான்சிலும் வயது முதிர்ந்த சில மாடுகளில், பிரியான் புரதத்தின் தன்மை வழக்கத்துக்கு மாறாக இருந்தது. தீவனத்தால் பரவாமல், முதுமையில் தானாகவே தோன்றக்கூடிய தனி வகைகளாக இவை இன்று கருதப்படுகின்றன. இத்தாலிய மாடுகள் வெட்டப்படும்வரை எந்த அறிகுறியையும் காட்டவில்லை. இதோடு நினைக்கத்தக்க பழைய ஆய்வு ஒன்றுண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஸ்டெட்சன்வில் என்ற ஊரில் 1985-இல் வளர்ப்பு மிங்க் விலங்குகளிடையே மூளை நோய் பரவியது. அவை தின்றவை பெரும்பாலும் எழ முடியாமல் படுத்துவிட்ட கறவை மாடுகள். ரிச்சர்ட் மார்ஷ் அந்த மிங்குகளின் மூளையை மாடுகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, அவை மிரளவோ மூர்க்கம் கொள்ளவோ இல்லை. ஒன்றரை ஆண்டு கழித்துத் திடீரெனச் சரிந்து விழுந்தன. பைத்தியத்தைத் தேடிய கண்ணுக்கு அவை வெறுமனே படுத்துவிட்ட மாடுகளாகவே தெரிந்திருக்கும்.

நோய் அருகிவிட்ட இக்காலத்தில் அதை நேரில் பார்த்திராத கால்நடை மருத்துவர்களே பெரும்பான்மையாக உள்ளனர். 2018 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் அபர்டீன்சயரில் ஒரு மாட்டில் பழைய தீவன வகை நோய் உறுதியானது. அது பண்ணையில் இறந்த மாடுகளை வழக்கப்படி சோதித்ததில் தெரியவந்தது. அறிகுறியைப் பார்த்து யாரும் அதை அறிவித்திருக்கவில்லை. வாசலில் தயங்கும் பசுவும், தொட்டால் துள்ளும் பசுவும், பின்னங்காலை வீசி நடக்கும் பசுவும் எப்படியிருக்கும் என்பதை இளைய மருத்துவர்கள் இப்போது 1990-களில் எடுக்கப்பட்ட ஒளிப்பதிவுகளைப் பார்த்தே கற்கிறார்கள்.